அந்த நாட்கள், இந்த நாட்கள்: குவீன் குழுவின் பிற்காலப் பேலட் ஒன்றைக் கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

1991 பிப்ரவரியில் வெளிவந்த ‘இன்யுவெண்டோ’ ஆல்பத்தில் எட்டாவது பாடலாக ‘தீஸ் ஆர் த டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ வருகிறது. நாலேகால் நிமிடம் ஓடும் மென்மையான பேலட் அது, அதாவது மெதுவாக நகரும் உணர்ச்சிப் பாடல். பிரிட்டிஷ் ராக் குழுவான குவீனின் ரசிகர்களில் பலரும் அதை முதலில் காணொளியாகத்தான் பார்த்திருப்பார்கள். கறுப்பு வெள்ளைக் காட்சி, அதே ஆண்டு நவம்பரில் காலமான, மிகவும் மெலிந்துபோன பாடகர் ஃப்ரெடி மெர்குரி, கடைசியில் அவர் கேமராவை நேராகப் பார்க்கும் அந்தச் சில நொடிகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்ட பிறகு பாடலை மட்டும் பிரித்துக் கேட்பது எளிதல்ல. நானும் பல ஆண்டுகள் அதை ஒரு மரணச் செய்தியாகவே கேட்டுவந்தேன். ஒருநாள் பாடலின் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது கண்ணில் பட்டது. அப்படியானால் அது எதைப் பற்றியது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்த வழிகாட்டி.

இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல ஹெட்ஃபோன், முழு ஆல்பத்தையும் வரிசை மாறாமல் கேட்கும் வசதி, ஒரு தாள், ஒரு பேனா ஆகியவை இருந்தால் போதும். இங்கே சொல்லும் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இந்தப் பாடலைப் பொறுத்தவரை எதை முதலில் அறிகிறோம் என்பதே நாம் எதைக் கேட்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

முதல் படி: படம் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள்

காணொளியைத் திறக்க வேண்டாம். ஒலியை மட்டும் ஒலிக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாடகர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் முடிந்தவரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் முறை எதையும் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. பாடல் முடிந்ததும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்: பாடுகிறவர் வருத்தமாக இருக்கிறாரா, நிறைவாக இருக்கிறாரா? எழுதிய பதிலை மடித்து வைத்துவிடுங்கள், ஐந்தாம் படிக்குப் பிறகு அது தேவைப்படும்.

இரண்டாம் படி: குழு அப்போது எங்கே நின்றது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

குவீன் குழு லண்டனில் 1970இல் தொடங்கியது. ஜான் டீக்கன் 1971இல் சேர்ந்த பிறகு, மெர்குரி (குரல்), பிரையன் மே (கிதார்), ரோஜர் டெய்லர் (டிரம்ஸ்), டீக்கன் (பேஸ் கிதார்) என்ற நால்வர் அணி ஒருமுறைகூட ஆள் மாறாமல் இருபது ஆண்டுகள் நீடித்தது. ராக் உலகில் இது அரிது. ‘இன்யுவெண்டோ’ அவர்களுடைய பதினான்காவது ஸ்டுடியோ ஆல்பம். மெர்குரியோடு குழு கடைசியாக மேடையேறியது 1986 ஆகஸ்ட் 9 அன்று, இங்கிலாந்தின் நெப்வொர்த்தில். அதற்குப் பிறகு ஸ்டுடியோ மட்டுமே அவர்களுடைய மேடையாக இருந்தது.

1987இல் மெர்குரிக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது உறுதியாயிற்று. அவரும் குழுவினரும் அதை வெளியில் சொல்லவில்லை. ‘இன்யுவெண்டோ’வின் ஒலிப்பதிவு 1989 மார்ச்சில் தொடங்கி 1990 நவம்பர்வரை, லண்டனின் மெட்ரோபொலிஸ் ஸ்டுடியோவிலும் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோன்ட்ரோ நகரின் மவுண்டன் ஸ்டுடியோவிலும் நடந்தது. மவுண்டன் ஸ்டுடியோவைக் குழுவே 1979இல் விலைக்கு வாங்கியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் லண்டன் வீட்டு வாசலில் காத்துக்கிடந்த அந்தக் காலத்தில், யாரும் தொந்தரவு செய்யாமல் வேலை செய்வதற்கு அந்த ஏரிக்கரை உதவியது.

மூன்றாம் படி: பாடலை எழுதியவர் யார் என்று பாருங்கள்

ஆல்பத்தின் உறையில் எல்லாப் பாடல்களும் ‘குவீன்’ என்ற பொதுப்பெயரில்தான் இருக்கும். 1989இல் வந்த ‘த மிராக்கிள்’ ஆல்பத்திலிருந்தே யார் எழுதினாலும் நால்வர் பெயரிலும் வெளியிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். எந்தப் பாடலைத் தனிப்பாடலாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனித் தட்டாக, வெளியிடுவது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பழைய மனத்தாங்கல்களுக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் இந்தப் பாடலை முதன்மையாக எழுதியவர் டிரம்மர் ரோஜர் டெய்லர். ‘ரேடியோ கா கா’, ‘எ கைண்ட் ஆஃப் மேஜிக்’ ஆகிய பெரும் வெற்றிப் பாடல்களைத் தந்தவரும் அவரே. பாடலை எழுதிய காலத்தில் நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அவர் குழந்தைகளுக்குத் தந்தையாகவும் இருந்தார். இளமையைத் திரும்பிப் பார்த்து, இனி அந்த மகிழ்ச்சியைப் பிள்ளைகள் மூலமாகக் காணலாம் என்று ஆறுதல் கொள்ளும் ஒரு தகப்பனின் எண்ணம்தான் பாடலின் கரு. அதை மெர்குரியின் தன்வரலாறாக எடுத்துக்கொள்வது பிழை. எழுதியவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். அந்த இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் பாடலின் வலிமை இருக்கிறது என்பது என் கருத்து.

நான்காம் படி: வரிகளைத் தாளில் எழுதுங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். பாடலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு வரியின் பொருளையும் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில வரியை அப்படியே பெயர்த்தெழுதிவிட்டால் அதன் பிறகு அது கண்ணில் படாது. உங்கள் சொல்லில் எழுதும்போதுதான் எங்கே தயங்குகிறோம் என்பது தெரியும்.

முதல் சரணத்தில் பாடுகிறவர் சிறுவயதை நினைக்கிறார். பகல்கள் முடிவில்லாமல் நீண்டன, வெயில் எப்போதும் அடித்தது, விளையாட்டே வாழ்க்கையாக இருந்தது என்கிறார். சரணம் முடியும் இடத்தில், அதன்பிறகு வந்த வாழ்வெல்லாம் வெறும் ‘ஷோ’வாகவே கழிந்ததோ என்று ஒரு ஐயம் எழுகிறது. டிரம்முக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் எழுதிய அந்த வரியை, மேடையின் நடுவில் நின்று விளையாட்டரங்கம் முழுவதையும் ஒரு கையசைவில் ஆட்டிவைத்தவர் பாடுகிறார். எழுதும்போது அந்தச் சொல்லுக்கு இருந்த எடை பாடும்போது பல மடங்காகிவிடுகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘த ஷோ மஸ்ட் கோ ஆன்’ தலைப்பிலும் அதே சொல் நிற்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை முதன்மையாக எழுதியவர் பிரையன் மே.

இரண்டாவது சரணம் கடிகாரத்தையும் கடல் அலையையும் திருப்பிவிட முடியாது என்று தொடங்குகிறது. இன்னும் ஒரே ஒருமுறை ரோலர் கோஸ்டரில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற சிறுபிள்ளை ஆசையும் அதில் வந்துபோகிறது. பிறகு, நடந்ததை நினைத்து உட்கார்ந்திருப்பதில் பயனில்லை, பிள்ளைகள் வழியாக அதை அனுபவிக்கலாம் என்கிறது. மெர்குரிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வரியை அவர் தயக்கமின்றி, ஒரு நண்பனின் மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சியாக ஏற்றுப் பாடுவதைக் கவனியுங்கள்.

இப்போது பல்லவிக்கு வருவோம். பல்லவி மொத்தம் மூன்று முறை வருகிறது. மூன்றையும் தாளில் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொன்றிலும் முதல் சொல்லுக்கு அடிக்கோடு இடுங்கள். முதல் முறை ‘தோஸ் வேர்’ என்று வருகிறது, அதாவது ‘அவை நம் வாழ்வின் நாட்களாக இருந்தன’. இரண்டாம் முறை ‘தீஸ் ஆர்’, அதாவது ‘இவையே நம் வாழ்வின் நாட்கள்’. மூன்றாம் முறை மீண்டும் ‘தோஸ் வேர்’. பாடலின் தலைப்பு நிகழ்காலத்தில் இருக்கிறது, ஆனால் அந்தத் தலைப்பு பாடலுக்குள் ஒரே ஒரு முறை, நடுப் பல்லவியில் மட்டுமே பாடப்படுகிறது. முன்னும் பின்னும் இருப்பது இறந்தகாலம்.

அ, இ என்ற இரண்டு எழுத்துகளால் தொலைவையும் அண்மையையும் சுட்டுகின்ற மொழியில் வளர்ந்த நமக்கு இதை உணர்வது எளிது. ‘அந்த நாட்கள்’ என்று சொல்லும்போது கை தூரத்தைக் காட்டுகிறது. ‘இந்த நாட்கள்’ என்னும்போது கை நெஞ்சருகே வந்துவிடுகிறது. இந்தப் பாடலில் நடப்பது அந்தக் கையசைவுதான். கைக்கெட்டாத தொலைவில் இருந்த நாட்கள் நடுப் பல்லவியில் ஒரு கணம் அருகே வருகின்றன. ‘இவை’ என்று சொன்ன அடுத்த மூச்சிலேயே, அவை விரைந்து பறந்துவிட்டன என்கிறார். பிறகு அவை மீண்டும் தொலைவுக்குப் போய்விடுகின்றன.

மற்றொரு நுணுக்கமும் உண்டு. முதல் பல்லவியும் கடைசிப் பல்லவியும் அன்பைச் சொல்லி முடிகின்றன. தேடிப் பார்த்தபோது உன் மீதுள்ள அன்பு இன்னும் அப்படியே இருக்கிறது என்பது அவற்றின் பொருள். நடுப் பல்லவியில் மட்டும் அந்த அன்பு வரி வருவதில்லை. சில மட்டும் எஞ்சியிருக்கின்றன, பார்த்தால் மாற்றமே இல்லை என்று அது நின்றுவிடுகிறது. நாட்கள் கைக்குள் இருக்கும்போது அன்பைச் சொல்லத் தோன்றுவதில்லை, அவை தொலைவுக்குப் போன பிறகுதான் அந்தச் சொல் வாயில் வருகிறது. டெய்லர் இதைத் திட்டமிட்டே அமைத்தாரா என்பதை விட்டுவிடுவோம். பாடல் அப்படித்தான் அமைந்திருக்கிறது, கேட்கிற காதுக்கு அது போதும்.

ஐந்தாம் படி: குரலை ஒதுக்கிவிட்டுத் தாளத்தையும் கிதாரையும் கேளுங்கள்

பாடலை எழுதியவர் டிரம்மர் என்றாலும் டிரம்ஸ் இதில் முன்னால் வந்து நிற்பதில்லை. கையால் தட்டுகிற கொங்கா போன்ற ஒரு மெல்லிய தாளம் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் கீபோர்டின் மென்மையான விரிப்பு. ‘பொஹீமியன் ராப்சடி’யில் அடுக்கடுக்காகக் குரல்களை எழுப்பிக் கோபுரம் கட்டிய அதே குழு, இங்கே கட்டாமல் விட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்தில் மெர்குரியின் தனிக்குரல் நம் காதுக்கு மிக அருகில் ஒலிக்கிறது.

இரண்டாம் பல்லவிக்குப் பிறகு பிரையன் மேயின் கிதார் வருகிறது. 1963இல் தன் தந்தையுடன் சேர்ந்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்தைக் கொண்டு வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிதார் அது. பிளாஸ்டிக் வில்லைக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் அவர் அதை மீட்டுவார். இந்தப் பாடலில் அவர் வேகத்தைக் காட்டவில்லை. பாடகர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிற நண்பனைப் போல, ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகிறார். ‘இந்த நாட்கள்’ பல்லவிக்கும் கடைசி ‘அந்த நாட்கள்’ பல்லவிக்கும் நடுவே நிற்பது இந்தக் கிதார் பகுதிதான். அருகே வந்த நாட்கள் மீண்டும் விலகிப் போகும் அந்தக் கடப்பைச் சொற்களால் சொல்லாமல் கிதாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். என் காதுக்கு இதுவே பாடலின் உச்சம்.

இப்போது முதல் படியில் மடித்து வைத்த பதிலை எடுத்துப் பாருங்கள். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்றுங்கள்.

ஆறாம் படி: பாடிப் பாருங்கள்

பாடத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம், முணுமுணுத்தாலே போதும். ‘தோஸ்’ என்று சொல்லும்போது உதடு குவிந்து ஓசை உள்ளே தங்குகிறது. ‘தீஸ்’ என்னும்போது உதடு விரிந்து ஏறக்குறைய ஒரு புன்னகையின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. நடுப் பல்லவியில் பாடலின் முகம் மலர்வதற்கு இந்த உயிரெழுத்து மாற்றமும் ஒரு காரணம். மேடையில் பாடப் போகிறவர்கள் மூன்று பல்லவியையும் ஒரே மாதிரி பாடிவிடாமல், இந்தச் சொல்லை மாற்றிச் சொல்ல மறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசி வரி இரண்டு முறை வருகிறது. முதலில் பாட்டாக, பிறகு ஏறத்தாழ பேச்சாக. அதன் உயிர் ‘இன்னும்’ என்ற சொல்லில் இருக்கிறது. பலர் இந்த இடத்தில் குரலை நடுங்கவிட்டு அழுகையை வரவழைக்கப் பார்க்கிறார்கள். மெர்குரி அப்படிச் செய்யவில்லை. அருகில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஒரு தகவலைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்கிறார்.

ஏழாம் படி: இப்போது காணொளியைப் பாருங்கள்

காணொளி 1991 மே 30 அன்று படமாக்கப்பட்டது. இயக்கியவர்கள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரூடி டோலசால், ஹான்னெஸ் ரோஸ்ஸாகர் இருவரும். மெர்குரி கேமராவின் முன் நின்று நடித்த கடைசிக் காணொளி இதுவே. படப்பிடிப்பு நாளில் பிரையன் மே வெளிநாட்டில் இருந்ததால், அவருடைய காட்சிகளைப் பின்னர் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். நோயின் தடயங்கள் தெரியாதிருக்கவே கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த ‘ஐ’ம் கோயிங் ஸ்லைட்லி மேட்’ காணொளியையும் இதனருகே வைத்துப் பாருங்கள். அதுவும் கறுப்பு வெள்ளைதான். அதில் அடர்ந்த ஒப்பனை, கலைந்த தலைமுடி, கோமாளித்தனம் எல்லாம் சேர்ந்து ஒரு திரையாக அவரை மறைக்கின்றன. இதில் அத்தகைய திரை எதுவும் இல்லை. அமெரிக்காவில் முதலில் காட்டப்பட்டது டிஸ்னி நிறுவனத்தின் அனிமேஷன் காட்சிகள் கலந்த வேறொரு வடிவம், அதைத் தவறவிட்டாலும் இழப்பில்லை.

ஒருமுறை அவருடைய கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டே இருந்தவர் இங்கே நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. நடப்பதே அவருக்கு வலி தந்த காலம் அது. அசைவு முழுவதும் கைகளுக்கும் முகத்துக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது. பிறகு அவர் அணிந்திருக்கும் மேல்சட்டையைப் பாருங்கள். கையில்லாத அந்த வெயிஸ்ட்கோட்டில் பூனைகளின் படங்கள் வரையப்பட்டிருக்கும். அவை அவர் வீட்டில் வளர்த்த பூனைகள். உலகம் கடைசியாகப் பார்க்கப் போகும் உடைக்கு அவர் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

கடைசி நொடிகளில் அவர் கேமராவை நேராகப் பார்த்து, மெல்லச் சிரித்து, அந்த வரியைச் சொல்கிறார். நான்காம் படியை முடித்துவிட்டு வந்தவர்களுக்கு அது இப்போது வேறு விதமாகக் கேட்கும் என்று நம்புகிறேன். ஒரு தகப்பன் தன் இளமையைப் பார்த்துச் சொல்ல எழுதிய வரியை, பாடகர் தன் ரசிகர்களைப் பார்த்துச் சொல்கிறார். வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ‘உன்’ என்ற சொல் யாரைச் சுட்டுகிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

எட்டாம் படி: பாடலின் பிற்கால வாழ்வைப் பின்தொடருங்கள்

அமெரிக்காவில் இது 1991 செப்டம்பர் 5 அன்று, மெர்குரியின் 45ஆவது பிறந்தநாளில், தனிப்பாடலாக வெளிவந்தது. நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அவர் அறிக்கை மூலம் தெரிவித்தார். மறுநாள் மாலை லண்டன் கென்சிங்டனில் தன் வீட்டில் காலமானார். டிசம்பரில் பிரிட்டனில் ‘பொஹீமியன் ராப்சடி’யும் இந்தப் பாடலும் ஒரே தட்டின் இரண்டு முதன்மைப் பாடல்களாக வெளியிடப்பட்டன. தட்டு கிறிஸ்துமஸ் வாரத்தையும் சேர்த்து ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக உழைக்கும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றது. 1992இல் சிறந்த பிரிட்டிஷ் தனிப்பாடலுக்கான பிரிட் விருதும் இதற்குக் கிடைத்தது.

1992 ஏப்ரல் 20 அன்று வெம்ப்ளி அரங்கில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் ஜார்ஜ் மைக்கேலும் லிசா ஸ்டான்ஸ்ஃபீல்டும் இதைச் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பதிவை அவசியம் கேளுங்கள். தனிமனிதர் ஒருவர் தனக்குள் சொல்லிக்கொண்ட நினைவு, இரண்டு குரல்களுக்கு இடையே நடக்கும் உரையாடலாகிவிடுகிறது. பிற்காலத்தில் குவீன் மேடைகளில் ரோஜர் டெய்லரே இதைப் பாடிவந்தார். அவருடைய குரல் கரகரப்பானது, மெர்குரியின் பட்டுத்தன்மை அதில் இல்லை. ஆனால் அந்தக் குரலில்தான் இது தகப்பனின் பாட்டு என்பது தெளிவாகக் கேட்கிறது.

ஒன்பதாம் படி: ஆல்பத்தின் வரிசையில் வைத்துக் கேட்டு முடியுங்கள்

கடைசியாக, ஏழாவது பாடலான ‘ஆல் காட்ஸ் பீப்பிள்’ தொடங்கி, நிறுத்தாமல் ஒலிக்கவிடுங்கள். தனிப்பாடலாகவோ காணொளியாகவோ கேட்கும்போது அந்த முணுமுணுப்போடு எல்லாம் முடிந்துவிடுகிறது, நாமும் கனத்த மனத்துடன் எழுந்துபோய்விடுகிறோம். ஆல்பத்தில் அப்படி இல்லை. ‘இன்னும் அன்பு இருக்கிறது’ என்று சொல்லி முடித்த சற்று நேரத்தில் ஒன்பதாவது பாடல் தொடங்குகிறது. அதன் பெயர் ‘டிலைலா’. மெர்குரி தன் செல்லப் பூனையைக் கொஞ்சுவதற்காகவே எழுதிய பாட்டு அது. அந்த வெயிஸ்ட்கோட்டில் இருந்த பூனைகளில் அதுவும் ஒன்று. நடுவில் ஓர் இடத்தில், சற்று முன்பு அவ்வளவு கண்ணியமாகப் பேசிய பிரையன் மேயின் கிதார், கிதாரின் ஒலியை வாய் அசைவால் பேச்சுபோல மாற்றும் டாக் பாக்ஸ் என்ற கருவியின் உதவியோடு ‘மியாவ்’ என்று கத்தும்.